சித்தூருக்கும் மூணாறுக்கும் ஒரே நூற்பட்டியல்

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தால் இந்தியாவின் அரசுக் கல்லூரிகளுக்கு இதுவரை இல்லாத ஒரு வசதி கிடைத்திருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பன்னாட்டுப் பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள் என்பது அதன் அளவு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரி, இடுக்கி மாவட்டத்து மூணாறு அரசுக் கல்லூரி போன்றவையும் இந்த வகைக்குள் வருபவைதான். இத்தகைய கல்லூரியில் வேதியியல் படிப்பவர், ஐ.ஐ.டி.யில் படிப்பவர் வாசிக்கும் அதே இதழை வாசிக்க இனி வழி உண்டு. அதே வராந்தாவில் அடுத்த அறையில் தமிழ் எம்.ஏ. படிப்பவருக்கு இத்திட்டம் தருவது மிகக் குறைவு. அவருக்கு வேண்டிய சிற்றிதழ்கள், பழைய பதிப்புகள், தமிழ் ஆய்வேடுகள் எவையும் அந்த 30 பதிப்பாளர்களின் கிடங்கில் இல்லை. உயர்கல்வியிலும் நூலகத்திலும் மேகக் கணிமையின் பயன்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் முதல் மாணவரை மனத்தில் வைத்தே நடக்கிறது. கேரள எல்லைப்புறத் தமிழருக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால் விடை வேறு இடத்தில் இருக்கிறது. அவர்களுக்கு முதலில் வேண்டியது இரு மாநில நூலகங்களையும் ஒருசேரத் தேடவல்ல, தமிழ் எழுத்தில் அமைந்த, நூலகங்களுக்கே சொந்தமான ஒரு கூட்டு நூற்பட்டியல். மற்ற வசதிகள் அதற்குப் பிறகு வரலாம்.

மேகக் கணிமை என்ற சொல்லைச் சுற்றி விற்பனையாளர்கள் எழுப்பியிருக்கும் புகையை முதலில் விலக்கிவிடலாம். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரையறையே இன்றும் போதுமானது: கணிப்பொறியின் திறனையும் சேமிப்பிடத்தையும் பலர் பொதுவில் பகிர்ந்துகொண்டு, வேண்டும்போது வேண்டுமளவு வலைவழியே எடுத்து, எடுத்த அளவுக்குக் கணக்கு வைப்பது. நூலகங்களுக்கு இது புதிதே அல்ல. 1967இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 54 கல்லூரிகள் சேர்ந்து ஒரு மையத்தைத் தொடங்கின. 1971இல் அதன் கணிப்பொறியில் தொலைபேசிக் கம்பிவழியே நூல் விவரம் பதியத் தொடங்கின. ஒரு நூலை முதலில் பதிவுசெய்யும் கல்லூரி மட்டும் அந்த உழைப்பைச் செலுத்தும். மற்றக் கல்லூரிகள் அதையே எடுத்துக்கொள்ளும். இன்று ‘வேர்ல்ட்கேட்’ என்று உலகம் முழுவதும் தேடப்படும் பட்டியல் அப்படி வளர்ந்ததுதான். அதைத் தொடங்கியவை பெரும் செல்வம் படைத்த பல்கலைக்கழகங்கள் மட்டும் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. தனித்தனியே நூற்பட்டியல் தயாரிக்கும் செலவைத் தாங்க முடியாத சிறு கல்லூரிகளும் அதில் சேர்ந்திருந்தன. வசதி குறைந்தவர்கள் கூடிச் செய்த ஏற்பாடாக அது பிறந்ததால்தான் நம் எல்லைப்புறக் கல்லூரிகளுக்கும் பொருந்துகிறது.

எல்லை என்று இங்கே சொல்வது 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பால் உறுதியான எல்லைக்கோட்டைத்தான். அதற்கு முன் இந்த நிலம் மூன்று ஆட்சிகளில் கிடந்தது: பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில். நூலக வரலாற்றில் இதற்கு ஒரு சுவையான விளைவு உண்டு. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் பாலக்காட்டுக்கும் பொருந்தியது. பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் சித்தூருக்குப் பொருந்தவில்லை. கேரளத்தில் கிரந்தசாலை இயக்கம் பி. என். பணிக்கரின் வழியில் கீழிருந்து வளர்ந்து, 1989இல்தான் மாநிலம் முழுமைக்குமான சட்டமானது. இரு மாநிலங்களிலும் மக்கள் சொத்துவரியோடு நூலக வரி கட்டுகிறார்கள்; ஆனால் ஒரு மாநிலத்து நூலகத்தில் இருப்பதை அறிந்துகொள்ள மறு மாநிலத்தில் வழி இல்லை. மூணாறிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் கோட்டயத்துக்குப் போகும் தொலைவில் பாதிதான் போடிநாயக்கனூர். சித்தூரிலிருந்து தேஞ்ஞிப்பாலத்திலுள்ள காலிக்கட் பல்கலைக்கழகத்துக்குப் போவதைவிட கோயம்புத்தூரின் பாரதியார் பல்கலைக்கழகத்துக்குப் போவது எளிது. ஆனாலும் பொள்ளாச்சியிலோ தேனியிலோ கிடைக்கக்கூடிய ஒரு நூலுக்காக எல்லைப்புற மாணவர் சென்னைக்குத் தெரிந்தவர் யாரேனும் போகிறார்களா என்று காத்திருக்க நேர்கிறது. நூல் இல்லாமை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, நூல் எங்கே இருக்கிறது என்று தெரியாமைதான்.

இதற்கு அரசு ஏற்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவற்றைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. தேசியத் தகவலியல் மையத்தின் ‘இ-கிரந்தாலயா’ மென்பொருள் அரசின் மேகராஜ் மேகக் கட்டமைப்பிலேயே இயங்குகிறது. கல்லூரி தனியாகச் சர்வர் வாங்க வேண்டியதில்லை. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் 2010இல் தொடங்கிய ‘என்-லிஸ்ட்’ சேவையால், கல்லூரிக்கு வெளியிலிருந்தும் மாணவர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் படிக்க முடிந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து படிக்க வருபவருக்கு நூலகம் மாலையில் பூட்டப்படுவது எவ்வளவு பெரிய தடை என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். அதே மையத்தின் ‘சோத்கங்கா’வில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. ‘இண்ட்கேட்’ என்ற கூட்டுப் பட்டியலும் உண்டு. ஆனால் அது பல்கலைக்கழக நூலகங்களை மையமாக வைத்தது. சித்தூர்க் கல்லூரியின் அலமாரியோ, உடுமலைப்பேட்டைக் கிளை நூலகமோ அதன் பார்வைக்குள் வருவதில்லை. அது போகட்டும், இவை எல்லாவற்றிலும் தமிழ் நூல் எப்படிப் பதிவாகிறது என்பதுதான் உண்மையான சிக்கல்.

தமிழ் தட்டச்சு அறியாத நூலகர் ஒருவர் கேரளக் கல்லூரியில் தமிழ் நூலைப் பதிவுசெய்ய நேர்ந்தால் தலைப்பை ரோமன் எழுத்தில் தம் காதுக்குப் பட்டபடி எழுதுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த நூல் அந்த நொடியிலேயே பாதி தொலைந்துவிடுகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் தமிழ் ‘ப’வுக்கு எங்கும் ஒரே ரோமன் எழுத்துதான். ஆகவே அங்கே பாரதியார் பாரிஸ் நகரத்தின் முதலெழுத்தில் தொடங்குவார். நம் கல்லூரிப் பட்டியல்களில் பம்பாயின் முதலெழுத்தில் தொடங்குவார். இரண்டும் ஒருவரே என்று கணிப்பொறிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துத்தான் உண்டு. ந. பிச்சமூர்த்தி ஒரு பட்டியலில் ‘ந’வின் கீழும், இன்னொன்றில் ‘பி’யின் கீழும், மூன்றாவதில் ஆங்கில ‘என்’ ஒட்டிக்கொண்டும் இருப்பார். தமிழ் எழுத்திலேயே பதிந்தாலும் தீர்ந்துவிடாது. ‘ஔவையார்’ என்பதை ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தால் தட்டுபவர்களும் உண்டு. ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து வைப்பவர்களும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். துணைக்கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டிய பதிவுகளும் அப்படித்தான். ஜெயகாந்தனை ‘செயகாந்தன்’ என்று எழுதும் தனித்தமிழ்ப் பற்றுள்ளவரின் பதிவு மற்றவர் கண்ணில் படவே படாது.

இதைவிடப் பெரிய இழப்பு ஆய்வேடுகளில் நடந்திருக்கிறது. தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியீட்டையும் அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல்தான். அதற்கு முன்னும், பழக்கத்தால் அதற்குப் பின்னும், தமிழ் ஆய்வேடுகள் பல பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகி பிடிஎஃப் கோப்பாக்கப்பட்டன. அவற்றைத் திரையில் படிக்கலாம். உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் கணிப்பொறியின் கண்ணில் அது தமிழே அல்ல, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் வரிசை. உலகத்திலேயே மிகச் சிறந்த மேகச் சேவையில் ஏற்றினாலும் இந்தக் கோப்பு ஊமைதான். சர்வர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியைவிட, பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வி முக்கியம் என்று நான் வாதிடுவது இதனால்தான். நல்வாய்ப்பாக, மருந்து அரிதானதல்ல. நூலகங்கள் உலகெங்கும் பின்பற்றும் ‘மார்க் 21’ பதிவுமுறையில் ஒரே தலைப்பை மூல எழுத்திலும் ரோமனிலும் இணைத்துப் பதியத் தனிப் புலமே இருக்கிறது. ஓர் ஆசிரியரின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் அத்தனையையும் ஒரே நபரோடு கட்டிவைக்கும் பெயர்க் கட்டுப்பாட்டு முறையும் உண்டு. நியூஸிலாந்தின் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த ‘கோஹா’ என்ற கட்டற்ற மென்பொருள் இவற்றையெல்லாம் செய்யும். கேரளக் கல்லூரிகளில் அது பரவலாகப் பழக்கத்திலும் இருக்கிறது. வேலையை ஒருமுறை ஓரிடத்தில் செய்தால் எல்லோருக்கும் பயன்படும் என்பதே மேகத்தின் பலன். சித்தூரில் ஒருவர் புதுமைப்பித்தனின் பெயரைச் சரியாகக் கட்டிவைத்தால், மூணாறும் பாலக்காடு விக்டோரியா கல்லூரியும் அதை மறுபடி செய்ய வேண்டாம்.

பாதுகாப்புக்காகவும் இது வேண்டியிருக்கிறது. 2018 மழைவெள்ளத்தின்போது மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடங்கள் நிலச்சரிவில் சிதைந்தன. கல்லூரி வேறு வளாகத்தின் கட்டடங்களுக்கு இடம்பெயர நேர்ந்தது. 1924 பெருவெள்ளத்தில் தன் ரயில்பாதையையே இழந்த ஊர் அது. அத்தகைய மலையில் ஒரு நூலகத்தின் அக்செஷன் ரிஜிஸ்டரும் கணிப்பொறியும் காப்புப்படியும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அறிவுடைமையாகாது. நூல் அழிந்தாலும், எந்த நூல் இருந்தது என்ற விவரம் எஞ்சினால் திரும்ப வாங்கலாம், படியெடுத்துக்கொள்ளலாம். 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மறுப்புகள். முதலாவதும் நியாயமானதும் இதுவே: சிக்னலே இல்லாத மலையில் மேகத்தை வைத்து என்ன செய்வது? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்ட செய்தி வெளியுலகை எட்ட மறுநாள் காலை ஆயிற்று. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போனதே காரணம். இணையத்தைக் குடிமக்களின் உரிமை என்று அறிவித்த கேரள அரசு, 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் கண்ணாடியிழை வலையமைப்பைத் தொடங்கிவைத்தது. 30,000 அரசு அலுவலகங்களும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களும் அதன் இலக்கு. கல்லூரி வளாகம்வரை கம்பி வந்துவிடும் என்று நம்பலாம். லயத்தின் கடைசி வீடுவரை வருமா என்பது வேறு கேள்வி. ஆனால் நூற்பட்டியலுக்கு இந்தத் தடை நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் இடம் பிடிக்கும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பொருள் என்று ஒரு நூலுக்கு 500 குறியீடுகள் என்றாலும் 1,500 பைட். மற்றச் சங்கதிகளைச் சேர்த்து 3,000 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் நூல்களுக்கு ஏறத்தாழ 300 மெகாபைட். சுருக்கிக் கட்டினால் அதில் ஒரு பங்குதான். ஒரு திரைப்படத்தைக் கைபேசியில் இறக்கும் இடத்தைவிடக் குறைவு. கல்லூரியில் இருக்கும்போது வாரம் ஒருமுறை இதை இறக்கிக்கொண்டால், மறையூரிலோ வட்டவடையிலோ வலைத்தொடர்பே இல்லாமல் தேடலாம். காணொளி வகுப்புகளுக்கும் கனமான மின்னூல்களுக்கும் வேகமான இணையம் வேண்டும். எந்த நூல் எங்கே என்ற கேள்விக்கு வேண்டாம். வசதி குறைந்த இடத்தில் எதை முதலில் தொடங்குவது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது மறுப்பு, இலவசமாகத் தருபவர்கள் ஒருநாள் கையை விரித்துவிடுவார்கள் என்பது. அது ஏற்கெனவே நடந்துவிட்டது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற சேமிப்பிடம் தந்துவந்த கூகிள், 2021 பிப்ரவரியில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022 ஜூலை முதல் நிறுவனம் ஒன்றுக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று வரம்பு வைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புப் பதிவுகளையெல்லாம் அங்கே குவித்த நிறுவனங்கள் எதை அழிப்பது என்று உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தது. பாடம் தெளிவு: இடம் யாருடையதாகவும் இருக்கட்டும், பதிவு நூலகத்துடையதாக இருக்க வேண்டும். எந்த நாளிலும் முழுப் பட்டியலையும் பொதுத் தரத்திலான கோப்பாக எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியாத சேவை எதையும், அது அரசுடையதே ஆனாலும், கல்லூரி ஏற்கக் கூடாது. ஒப்பந்தத்தில் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும். விலை இரண்டாம் வரியில் வரட்டும்.

மேகம் என்றால் திருட்டுப் பயம் என்று சொல்பவர்களுக்கு 2023 அக்டோபரில் லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் பட்டதே போதிய விடை. பணயத்தொகை கேட்டு நடந்த அத்தாக்குதலில் ஏறத்தாழ 600 ஜிகாபைட் தகவல் களவு போனது. நூற்பட்டியல் ஓரளவேனும் திரும்பக் கிடைக்க 2024 ஜனவரி ஆயிற்று. அந்நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொல்லும் செய்தி பலர் எதிர்பாராதது: அதிகம் அடிபட்டவை நூலகத்தின் சொந்தச் சர்வர்களில் ஓடிய பழைய மென்பொருள்கள்; மேகத்தில் இருந்த சம்பளம், நிதி முதலிய கணக்குகள் தொய்வின்றி நடந்தன. இதைக்கொண்டு மேகம் பாதுகாப்பானது என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான். அதே 2024இலேயே இணையக் காப்பகம் தாக்கப்பட்டு மூன்று கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டன. ஆகவே எதை மேகத்தில் வைக்கிறோம் என்பதில் விவேகம் வேண்டும். எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது உலகறியலாம். எந்த மாணவி எந்த நூலை எடுத்தாள் என்பது கல்லூரியை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நூலக நாகரிகம் அதைக் கேட்கிறது.

கடைசி மறுப்பு தமிழர்களிடமிருந்தே வரும்: மதுரைத் திட்டம் 1998 முதல் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017 முதல் இருக்கிறது, நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்க்கிறது, எல்லாம்தான் வலையில் இருக்கிறதே, இன்னும் பட்டியல் எதற்கு? இவை பெரும் பணிகள். தமிழ்நாட்டு அரசு எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்கும் வழக்கத்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் அறுபதாண்டுக் காத்திருப்பு இல்லாமலே ஏராளமான நூல்கள் பொதுவில் வந்துவிட்டன. இந்த வசதி தமிழில் உள்ள அளவுக்கு மற்ற இந்திய மொழிகளில் இல்லை. ஆனால் மூணாறு மாணவர் இவை ஒவ்வொன்றின் வாசலையும் தனித்தனியே தட்ட வேண்டியிருக்கிறது. தம் கல்லூரிப் பட்டியலில் ஒரு நூலைத் தேடும்போதே, அச்சுப்படி பாலக்காட்டில், மின்படி சென்னையின் மின்னூலகத்தில், இன்னொரு பதிப்பு போடியில் என்று ஒரே திரையில் வருமானால்தான் அந்தப் பெரும் பணிகள் அவரை எட்டியதாகப் பொருள். சிறு நூலகங்களையும் விட்டுவிடக் கூடாது. வட்டவடையில் 2019இல் மக்கள் அனுப்பிய நூல்களால் உருவான அபிமன்யு நினைவு நூலகம் இருக்கிறது. இடமலைக்குடிக் காட்டுக்குள் முதுவர் குடியின் டீக்கடை ஒன்றில் 160 நூல்களோடு நடந்த நூலகத்தைப் பற்றி 2014இல் இதழாளர் பி. சாய்நாத் எழுதினார். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்த அந்த நூலகத்தில், யார் எதை எடுத்தார் என்ற நோட்டுப் புத்தகம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. 160 நூல்களுக்கு இடம் தராத கூட்டுப் பட்டியல் ஒஹையோக் கல்லூரிகளின் பாடத்தைப் படிக்காததாகவே இருக்கும்.

யார் செய்வது என்ற கேள்விதான் மிஞ்சுகிறது, அதுவே கடினமானதும். மென்பொருள் இலவசம், தமிழும் நூலக அறிவியலும் சேர்ந்து தெரிந்த ஆள் இலவசமாகக் கிடைக்கமாட்டார். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. அதே நியாயத்தைப் பின்பற்றி, தமிழ் கற்பிக்கும் அரசுக் கல்லூரிகளின் நூலகங்களுக்குத் தமிழறிந்த பணியாளர் ஒருவரைக் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. அதற்கு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஒரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்த நான்காண்டு இளநிலைப் படிப்பில் உள்ளகப் பயிற்சி கட்டாயம். சித்தூரில் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு அதைத் தம் கல்லூரி நூலகத்திலேயே தரலாம். ஒருவர் ஒரு நாளுக்கு 30 நூல்களைத் தமிழ் எழுத்தில், ஆசிரியர் பெயரின் எல்லா வடிவங்களோடும் சரிபார்த்துப் பதிந்தால், பத்துப் பேர் இருபது வேலைநாளில் 6,000 நூல்களை முடிப்பார்கள். அந்தக் கோப்பின் ஒரு படியை மூணாறுக்கும் ஒரு படியைக் கோயம்புத்தூருக்கும் அனுப்ப எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.